அம்மாயி கொடுத்த மரத்துண்டு



யுத்தத்தில் ஓடி வந்தபோது கையில் எதை எடுத்தீர்கள் என்று கேட்டால் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்பீர்கள். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நான் சந்தித்த ஓர் அக்கா, அவற்றோடு ஒரு மரத்துண்டையும் கொண்டு வந்திருந்தார். 1983 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய், 2009இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்து, உறவினரின் லயத்துக்குத் திரும்பிய குடும்பம் அது.

அம்மாயி கொடுத்ததாம். என்ன சாமான் என்று எவருக்கும் தெரியவில்லை. அரிவாள் பிடி என்றார் ஒருவர். பழைய சாமான் வியாபாரி விலை பேசியிருந்தார். மகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டும், கொடுத்துவிடவா என்று அக்கா கேட்டார்.

இருவரும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். பிறைபோல் வளைந்த வைரம் பாய்ந்த மரம். ஒரு முனை கனம்; மறுமுனை மெலிந்து, கைபட்டு வழுவழுப்பாக இருந்தது. வெளி வளைவு கூர்மை. இரும்பு பொருத்திய துளையோ தடமோ இல்லை. ஆகவே அது பிடியாக இருக்க முடியாது.

இந்த அடையாளங்கள் வளரிக்கு உரியவை. வளைதடி என்றும் சொல்வார்கள். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிந்தார்கள். முயல் வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. சின்ன மருதுவிடம் இதை எறியக் கற்றதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளிவந்த நூலில் எழுதியுள்ளார். திருமணத்தில் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவுசெய்தார்.

“வளரியாக இருக்கலாம், அருங்காட்சியகத்தார் பார்த்தால்தான் உறுதி” என்றேன். அக்கா சற்று யோசித்து, “சிவகங்கைச் சீமைன்னு அம்மாயி அடிக்கடி சொல்லுவாங்க” என்றார்.

1948 குடியுரிமைச் சட்டம் நம் மக்களிடம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலருக்கு அந்த நிலை தீரவில்லை. மரத்துண்டை எந்தக் கந்தோரும் அத்தாட்சியாக ஏற்காது. ஆனால் அந்த அக்காவின் மகளுக்குத் தன் முன்னோரின் ஊர்ப்பெயர் அன்றுதான் தெரிந்தது. சப்பாத்துக்கு வேறு வழி பார்ப்போம் என்று அக்கா அதை எடுத்து வைத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதும் இருந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். எண்ணெய், வார்னிஷ் பூசாதீர்கள். அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.