உமியும் நாரும் எங்களுக்குக் குப்பை இல்லீங்க

"ஆலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தை நெல் உமியும் தென்னை நார்க்கழிவும் உறிஞ்சும்" – இந்த மாதிரி செய்தி அடிக்கடி வருது. உடனே பட்டணத்து நண்பர்கள் எனக்கு அனுப்பி, "பாத்தீங்களா, உங்க ஊர்க் குப்பையிலயே தீர்வு இருக்கு"ன்னு சந்தோஷப்படுறாங்க.

உறிஞ்சும், அதுல பொய் இல்லை. உமி, நார், கரும்புச் சக்கை, மரத்தூள் எல்லாத்துலயும் இருக்கிற செல்லுலோஸும் லிக்னினும் உலோகத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா பிடிச்ச பிறகு என்ன? குரோமியம் மாயமா மறைஞ்சுடாது. தண்ணியில இருந்தது உமிக்குள்ள போயிருக்கு, அவ்வளவுதான். அது இனிமே உமி இல்லை, அபாயக் கழிவு. எரிச்சா சாம்பல்ல நிக்கும். எருக்குழியில போட்டா வயலுக்கு வந்துடும். அதோட, ஆலைத் தண்ணியில இருக்கிற உப்பை உமி எடுக்காது. நிலத்தைக் களராக்குறதுல அந்த உப்புக்கும் பங்கு இருக்கு.

கழிவைக் குவிச்சு வச்சா என்ன ஆகும்னு பார்க்கணும்னா ராணிப்பேட்டைக்கு வாங்க. 1990கள்ல மூடின ஒரு குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவை விட்டுட்டுப் போச்சு. மழை பெஞ்சா மஞ்சத் தண்ணியா ஊறி மண்ணுக்குள்ள இறங்குச்சு. ஆலையை மூடலாம், விஷத்தை மூட முடியலையே!

தோல் பதனிடுறப்போ போடுற குரோமியத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தோல்ல ஏறாம தண்ணியோட போகுது. அதை ஆலையிலேயே பிரிச்செடுத்துத் திரும்பப் பயன்படுத்த வழி இருக்கு. சென்னையில இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதுக்கான தொழில்நுட்பத்தை எப்பவோ கொடுத்துடுச்சு. முதல்ல அதை ஒழுங்கா செய்யட்டும். மிச்சம் மீதியை வடிகட்ட உமி வேணுமா? தாராளமா வாங்கிக்கட்டும், காசு கொடுத்து. உமி எங்களுக்குக் கோழிப்பண்ணைக்கும் செங்கல் சூளைக்கும் போற சரக்கு. நார்க்கழிவு தென்னைக்கு மூடாக்கு, மக்கினா உரம். பயன்படுத்தின உமியைப் பாதுகாப்பா புதைக்கிற செலவும் ஆலையோடதுதான். கெடுத்தவனே செலவைக் கட்டணும்னு, பாலாத்துப் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்குல உச்ச நீதிமன்றம் 1996லயே சொல்லியாச்சு.

அடுத்த தடவை இந்தச் செய்தியை அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. பிடிச்ச குரோமியம் எங்க போகுது? யார் செலவுல போகுது? பதில் இல்லைன்னா அது தீர்வு இல்லீங்க. விஷத்தை ஆத்துல இருந்து எடுத்து எங்க வரப்புல வைக்கிற வேலை.