பதினாறு வயதிலே தலையெழுத்தா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளிலே நம் வீடுகளில் நடைபெறுவதை வாசகர்கள் நன்கறிவர். ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்ற பிள்ளை ஒரு வீட்டிலே இருந்தால், அன்று மாலைக்குள் அயலவரும் உறவினரும் கூடி அப்பிள்ளையின் வருங்காலத்தை முடிவுசெய்து விடுகின்றனர். "தம்பி கணிதமோ, உயிரியலோ?" என்பதே அவர்களின் கேள்வி. மூன்றாவது வழி ஒன்றுண்டு என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழிலக்கியமும் வரலாறும் படிக்க விரும்புகிறேன் என்று பிள்ளை வாய் திறந்தால், இழவு விழுந்த வீடு போல யாவரும் வாயடைத்து நிற்பர். கணிதத்தில் சாதாரண சித்தி மட்டும் பெற்ற அடுத்த வீட்டுப் பிள்ளையை நோக்கி எந்தக் கேள்வியும் எழுவதில்லை. அவன் கலைப் பிரிவுக்குப் போகவேண்டியவன் என்பது சொல்லாமலே முடிவாகிவிடுகின்றது.

பதினாறு வயதிலே ஒரு மனிதனின் வாழ்வுக்கு இவ்வாறு கோடு கிழித்துவிடும் முறை சரியானதுதானா என்பதை நாம் இங்கு ஆராய விரும்புகிறோம். கல்விச் சீர்திருத்தம் பற்றி 2025ஆம் ஆண்டிலே பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கடுமையான வாதப் பிரதிவாதங்கள் நடைபெற்றன. வரலாறு கட்டாய பாடமா, விருப்பப் பாடமா? அழகியற் பாடங்களின் கதி என்ன? இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆனால் எந்த வயதில், எந்த அளவுக்கு, ஒரு மாணவனை ஒரே துறைக்குள் அடைத்துவிடுவது என்ற அடிப்படைக் கேள்வி அந்த ஆரவாரத்திலே அமிழ்ந்து போயிற்று.

இன்றைய ஏற்பாட்டைச் சற்று நோக்குவோம். பத்தாம், பதினொராம் ஆண்டுகளிலே சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோர்க்கும் கட்டாயம். வேறு மூன்றைத் தொகுதிகளிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆக ஒன்பது. இதில் நமக்குப் பெருங்குறை எதுவுமில்லை. ஆனால் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பிலே காலடி வைத்ததும் ஒன்பது திடீரென மூன்றாகச் சுருங்கிவிடுகின்றது. பொறியியலை நாடுபவனுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மருத்துவத்தை நாடுபவனுக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அதன்பின் முன்னவன் தன் தாய்மொழியில் ஒரு நூலையும் வகுப்பறையிலே திறக்கவேண்டியதில்லை. கலைப் பிரிவுக்குச் சென்ற மாணவி நோய்க்கிருமி எவ்வாறு பரவுகின்றது என்பதை மறந்துவிட்டாலும் கேட்பாரில்லை. பொது ஆங்கிலமும் பொது அறிவு வினாத்தாள் ஒன்றும் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லலாம். அவற்றுக்கு மாணவர் எவ்வளவு மதிப்புக் கொடுக்கின்றனர் என்பதை எந்த உயர்தர ஆசிரியரிடமும் கேட்டறியலாம்.

முன்னர் உயர்தரத்தில் நான்கு பாடங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டிலே அவை மூன்றாயின. விஞ்ஞான மாணவனுக்கு இதனால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை; தாவரவியலும் விலங்கியலும் உயிரியலாக இணைந்தன, தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதமாயின. கலைப் பிரிவு மாணவனுக்கோ ஒரு பாடம் உண்மையாகவே பறிபோயிற்று. அதைப்பற்றி அன்று பெரிதாக அழுதவர் எவருமில்லை. கலைப் பிரிவினன்தானே!

இம்முறை வானத்திலிருந்து விழுந்ததன்று, இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கும் பதினாறு வயது மாணவன் மூன்று பாடங்களுக்குள் ஒதுங்கிக்கொள்வதே வழக்கம். 1959ஆம் ஆண்டிலே குரோதர் குழுவின் அறிக்கை அவ்வழக்கத்தை ஆதரித்தது. அதே ஆண்டில் சீ. பீ. ஸ்நோ என்பார் கேம்பிரிட்ஜிலே ஆற்றிய சொற்பொழிவில், விஞ்ஞானியும் இலக்கியவாதியும் ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத இரு கூட்டத்தாராகப் பிரிந்துவிட்டனர் என்று வருந்தினார். அவ்வருத்தத்துக்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று இந்த இளவயதுச் சிறப்புக் கல்வியே. பக்கத்திலுள்ள ஸ்கொத்லாந்திலே வழக்கம் வேறு. அங்கு மாணவன் ஐந்து பாடங்கள் அளவில் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும், தன் சிறப்புத் துறையைத் தீர்மானிக்க ஓரிரு ஆண்டு அவகாசம் பெறுகிறான். இவ்விரு நாட்டுப் பட்டதாரிகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, முன்கூட்டியே ஒரு துறைக்குள் புகுந்த இங்கிலாந்தவரே பின்னர் தம் படிப்புக்குத் தொடர்பில்லாத தொழிலுக்கு மாறுவது கூடுதல் என்று கண்டது. அவசரப்பட்டுத் தெரிந்தவன் பிழையாகத் தெரிகிறான் என்பதே இதன் பொருளாகும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். பின்லாந்தோ அத்தகைய முறையை 1970களில் கைவிட்டுப் பதினாறு வயது வரை எல்லோர்க்கும் ஒரே பாடசாலை என்று வகுத்துக்கொண்டது. ஆதலால் 'வேறு வழியில்லை' என்ற பேச்சுக்கு இடமில்லை.

இங்கே நம்மவர்க்குக் கசப்பான ஓர் உண்மையையும் கூறாதிருக்க முடியாது. 1960களில் க.பொ.த. சாதாரண தர வகுப்பிலேயே கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்ற பிரிவு தொடங்கிற்று. பதினான்கு வயதிலே விஞ்ஞானத்துக்கு முழுக்குப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அப்பிரிவினையை ஒழித்து, யாவர்க்கும் பொதுவான பாடவிதானத்தைக் கொண்டுவந்தது 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தமே. ஆனால் அக்காலத்திலேதான் தரப்படுத்தல் என்ற அநீதியும் நம் தலையில் இறங்கிற்று. 1971ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவன் 250 புள்ளிகள் பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதுமானதாயிற்று. வீட்டுக்குத் தீ வைத்தவன் அதே கையால் கிணறும் வெட்டித் தந்தால், அத்தண்ணீரை யார் நம்பிக் குடிப்பார்? அப்பாடவிதானத்தை நம்மவர் சந்தேகக் கண்கொண்டே நோக்கினர். 1977இல் ஆட்சி மாறியதும் அதற்குரிய புதிய சான்றிதழ்கள் கைவிடப்பட்டன. எனினும் கணிதமும் விஞ்ஞானமும் எல்லோர்க்கும் உரியன என்ற அதன் கரு நிலைத்துவிட்டது. இன்று தோட்டப்புறத்துப் பிள்ளையும் பதினோராம் ஆண்டு வரை விஞ்ஞானம் படிக்கிறதென்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

தரப்படுத்தலின் விளைவு வெட்டுப்புள்ளியோடு நின்றுவிடவில்லை. வாயில் ஒடுங்க ஒடுங்க, அதனை முட்டுவோரின் வெறியும் மிகுந்தது. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்றிருந்த சமுதாயம், மருத்துவமும் பொறியியலுமே கல்வி, மற்றையன வெறும் காலக்கழிவு என்ற முடிவுக்கு வந்தது. அடைபட்ட கதவின் மேல் வந்த ஆசை, கதவுக்கு வெளியே கிடந்த அகன்ற முற்றத்தை நம் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

ஈழத்துத் தமிழ்க் கல்வியின் மரபு இதுவன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே தமிழும் கணிதமும் வானசாத்திரமும் ஒரே மாணவனுக்குக் கற்பிக்கப்பட்டன. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளை எடுத்துக்கொள்வோம். அவர் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிலே பயின்று, யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவரே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், பழந்தமிழிசையின் சுரங்களை எண் விகிதங்களால் கணித்து ஆராய்ந்த நூல். தமிழ் மட்டும் கற்றவர் அதனை எழுதியிருக்க முடியாது. பௌதிகம் மட்டும் கற்றவரும் எழுதியிருக்க முடியாது. இன்று அடிகள் பன்னிரண்டாம் ஆண்டிலே வந்து சேர்ந்தால், "ஐயா, நீர் எந்தப் பிரிவு?" என்றல்லவா அதிபர் கேட்பார்!

இதுவரை கூறியது தெரிவு செய்யும் வாய்ப்பாவது உள்ள பிள்ளைகளைப் பற்றியது. அவ்வாய்ப்பே இல்லாதவர் கதை வேறு. இந்நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. எஞ்சியவற்றில் உயர்தரம் இருந்தால் அது கலை, வர்த்தகம் என்ற அளவோடு நின்றுவிடும். வன்னியின் உட்கிராமம் ஒன்றிலே, விஞ்ஞானத்தில் 'ஏ' சித்தி பெற்ற மாணவி ஒருத்தியை நாம் சந்தித்தோம். அவள் கலைப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். "கலையை விரும்பியா எடுத்தாய், பிள்ளை?" என்று வினவினோம். "விஞ்ஞானம் இருக்கிற பள்ளிக்கூடம் தூரம். பஸ் நேரத்துக்கு இல்லை. விடுதிக்கு அப்பாவிடம் காசில்லை," என்றாள். அவளுடைய வருங்காலத்தைத் தீர்மானித்தது அவளுடைய மூளையுமன்று, மனமுமன்று. பஸ் வண்டியின் நேர அட்டவணை. மலைநாட்டிலே நிலை இதனினும் மோசம். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை தோட்டத்துரைமாரின் தயவிலே கிடந்த பாடசாலைகள் அவை. தமிழ்மொழி மூலம் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது அங்கு இன்றும் அரிது.

2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு ஒன்று வந்தது. 2017இல், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் பதின்மூன்றாம் ஆண்டு வரை தொழிற்கல்வி பெறலாம் என்ற திட்டம் வந்தது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவற்றுக்கு அனுப்பப்படுவோர் யார்? 'மற்றதற்கு உதவாதவர்' என்று வீட்டாரும் ஆசிரியரும் முத்திரை குத்தியவர்களே. கையால் வேலை செய்வோனைக் கீழாக எண்ணும் நம்மவர் புத்தி, பெயர்ப்பலகையை மாற்றியதால் மாறிவிடவில்லை.

மேலே சென்றவர்களின் நிலைதான் என்ன? பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர்க்கே இடம் கிடைக்கின்றது. மருத்துவத்துக்கு ஒருமுறை தவறியவன் இரண்டாம் முறை எழுதுகிறான். மூன்றாம் முறையும் எழுதுகிறான். காலையும் மாலையும் ரியூட்டரி வாங்குகளிலே தேய்ந்து, இருபத்திரண்டு வயதிலே வெறுங்கையோடு வெளியே வருகிறான். அவனிடம் இருப்பவை மூன்று பாடங்களின் வினாவிடைகள். அரசியலமைப்பு என்றால் என்ன, கணக்கேடு எழுதுவது எப்படி, நாலு பேர் நடுவே ஒரு கருத்தை எடுத்துரைப்பது எப்படி என்பவற்றை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

நம் கருத்தை மறுப்போரும் உளர். அவர்களிற் சிலர் நாம் மதிக்கும் ஆசிரியர்கள். பல பாடங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒரு துறையை ஆழமாகப் படிப்பதே அறிவை வளர்க்கும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையுண்டு. ஒரு பொருளின் அடிவரை சென்று பாராத மாணவன் எதையும் உண்மையாகக் கற்றவனாகான். பதினாறு வயதிலே கணிதத்தில் மூழ்கித் தன்னை மறக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது பாவம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆதலால் ஒன்பது பாடங்களையும் பதின்மூன்றாம் ஆண்டு வரை இழுத்துச் செல்லுமாறு நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது, 2000ஆம் ஆண்டிலே மறைந்த அந்த நான்காவது பாடத்தை வேறு வடிவத்திலே மீட்டுத் தருமாறு. விஞ்ஞான மாணவன் தமிழையோ வரலாற்றையோ பொருளியலையோ நான்காவதாகக் கற்கட்டும். கலை மாணவி புள்ளிவிபரவியலையோ, தனக்கென வகுத்த ஒரு விஞ்ஞான பாடத்தையோ கற்கட்டும். அதன் பரீட்சை இலகுவாயிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்கும் ஒரு சிறு பங்கு இருக்கவேண்டும். புள்ளி இல்லாத பாடத்தை நம் பிள்ளைகள் திரும்பியும் பாரார் என்பது நாமறிந்ததே. சுமை கூடும், ரியூட்டரிக்காரர்க்கு இன்னொரு வருமானம் பிறக்கும் என்ற அச்சமும் நமக்கில்லாமல் இல்லை. வகுப்பறை வேலைக்கே பாதிப் புள்ளிகளை ஒதுக்கினால் அதனை ஓரளவு தடுக்கலாம்.

பல்கலைக்கழகங்களும் தம் கதவுகளைச் சற்று அகலத் திறக்கவேண்டும். சட்டப் படிப்புக்கு எந்த மூன்று பாடங்களோடும் விண்ணப்பிக்கலாம் என்ற விதி இருந்து வருகின்றது. அதனால் சட்டத்துறையின் தரம் தாழ்ந்துவிட்டதாக எந்த நீதிபதியும் முறையிட்டதாக நாமறியோம். சட்டத்துக்கு ஒத்துவந்தது புவியியலுக்கும் தமிழுக்கும் மெய்யியலுக்கும் ஏன் ஒத்துவராது?

பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெறுபேறு வந்த மாலையில் அயலவரைக் கூட்டி ஆலோசனை கேட்குமுன், பிள்ளையை ஒரு தடவை கேளுங்கள். உங்கள் பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால் அதனைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். பதினாறு வயதிலே நீங்கள் என்னவாக எண்ணியிருந்தீர்கள் என்பதை நினைவுகூர்ந்தால் போதும்.

ஆனால் வன்னி மாணவிக்கு நான்காவது பாடம் பற்றிய பேச்சு கேலியாகவே படும். அவளுக்கு முதல் மூன்றுமே கிடைக்கவில்லை. ஆகவே நமது முதற் கோரிக்கை மிகச் சிறியது. வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலுமுள்ள ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையும், தன் எல்லைக்குள் உயர்தரத்துக்குப் பௌதிகம், இரசாயனம், உயிரியல், இணைந்த கணிதம் ஆகியவற்றைத் தமிழிலே கற்பிக்கும் ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் எந்தெந்தப் பாடசாலைகளில் இருக்கின்றனர், நகரப் பாடசாலை ஒன்றிலே தேவைக்கு மேல் குவிந்திருப்போர் எத்தனை பேர் என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடட்டும். அடுத்த சாதாரண தரப் பெறுபேறு வருமுன் அது வெளிவரவேண்டும்.