எத்தனை ‘பொசிட்டிவ்’?

பத்திரிகைக் காலத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு முறை கரு கலைந்தது. பின்னர் காலில் குருதி உறைந்தது. நோயின் பெயர் அன்ரிபொஸ்போலிப்பிட் சின்றோம். இப்போது வோபரின் குளிசை எடுக்கின்றாள்.

“அடிக்கடி இரத்தம் சோதிக்கத் தேவையில்லாத புதுக் குளிசை இருக்கிறதாம். வெளிநாட்டிலுள்ள மைத்துனர் சொல்கிறார். மாற்றலாமா?” என்று கேட்டார்.

நான் வைத்தியன் அல்லன். அறிக்கையில் என்ன இருக்கின்றது என்று மட்டும் கேட்டேன். “பொசிட்டிவ்” என்றார். எத்தனை பொசிட்டிவ் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதனை ஒருவரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

1983 இல் இலண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த நோய் இது. உடலின் காவற்படையே குருதியை உறையத் தூண்டும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடுகின்றது. பார்க்கப்படுபவை மூன்று: லூபஸ் உறைவெதிரி, கார்டியோலிப்பின் எதிரி, பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிரி. முதலாவதன் பெயரே ஒரு முரண். சோதனைக் குழாயில் குருதி உறைவதைத் தாமதப்படுத்துவதால் வந்த பெயர் அது. உடலுக்குள் அது செய்வதோ நேர்மாறான வேலை.

ஒன்று மட்டும் குறைந்த அளவில் இருப்பின், அது ஏதேனும் தொற்றின் பின் தோன்றி மறைவதாகவும் இருக்கலாம். எனவேதான் குறைந்தது 12 வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டுமென்பது விதி. மூன்றும் நிலைத்து இருப்பவர்களே மீண்டும் உறைவு ஏற்படும் ஆபத்து மிகுந்தவர்கள்.

அத்தகைய 120 பேரிடம் இத்தாலியில் நடந்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. ரிவரொக்சபான் என்ற புதிய குளிசை எடுத்த 59 பேரில் ஏழு பேருக்குப் பாரிசவாதமோ மாரடைப்போ ஏற்பட்டது. வோபரின் எடுத்த 61 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. 2019 இல் ஐரோப்பிய மருந்து முகவரகமும், இந்நோயாளருக்கு, குறிப்பாக மூன்றும் உள்ளவர்களுக்கு, இவ்வகைக் குளிசைகள் உகந்தவையல்ல என்று எச்சரித்தது. வேறு காரணங்களால் குருதி உறைந்த பலருக்கு நன்மை செய்யும் மருந்துதான் அது. ஆள் அறியாமல் கொடுப்பதே பிழை.

என் வாதம் எளியது. அந்த அறிக்கை வைத்தியசாலைக் கோப்பினுள் உறங்கக் கூடாது; நோயாளியின் கையில் இருக்க வேண்டும். நம்மவர்கள் ஊர் மாறுகிறார்கள், நாடு மாறுகிறார்கள். போன இடத்தில் புதிதாகச் சோதிக்கலாமே என்பீர்கள். குருதி உறையாதிருக்க எடுக்கும் மருந்துகளே லூபஸ் உறைவெதிரிச் சோதனையைக் குழப்பக்கூடியவை. மருந்து தொடங்குமுன் எடுத்த முதல் அறிக்கைக்கு அதனாலேயே அத்தனை பெறுமதி.

இன்னொன்றும் உண்டு. கரு கலைந்தபோதெல்லாம் அந்தப் பெண்ணின் சாதகத்தைத்தான் வீட்டார் புரட்டினார்கள். குருதியைச் சோதிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மீண்டும் கருத்தரிக்க விரும்பினால், சிசுவைப் பாதிக்கக்கூடிய வோபரினுக்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசியும் சிறிதளவு அஸ்பிரினும் கொடுக்கும் வழி இருக்கின்றது. அதனை முன்கூட்டியே வைத்தியருடன் திட்டமிட வேண்டும்.

நண்பர் மீண்டும் அழைத்தார். அறிக்கை அகப்பட்டுவிட்டதாம். மூன்றும் பொசிட்டிவ். 12 வாரங்களின் பின் செய்த சோதனையிலும் மூன்றுமே. அதனைக் கண்ட வைத்தியர் குளிசையை மாற்ற வேண்டாம் என்றாராம். மைத்துனருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன்.