பழுதான பிறகும் அங்கே போனவர்கள்

நம் இதழுக்கு வரும் பயன்பாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் பல ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. மாதிரி செய்தாயிற்று, ஆய்வுக்கூடத்தில் ஓடியது, முடிவு நிறைவளிக்கிறது. ஓராண்டு கழித்து அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது, எந்த உறுப்பு முதலில் தேய்ந்தது என்று கேட்டு எழுதினால், திட்டக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோயம்புத்தூர் வட்டாரத்து அடிபம்புகள் நினைவுக்கு வரும்.

1960-களின் வறட்சிக்குப் பிறகு, யுனிசெஃப் உதவியோடு கடும் பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் இந்தியக் கிராமங்களுக்கு வந்தன. தண்ணீர் கிடைத்தது. மேலே பொருத்திய பம்புதான் நிற்கவில்லை. அன்றைய வார்ப்பிரும்புப் பம்புகள் மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் இருந்தவற்றின் நகல்கள். ஒரு குடும்பம் நாளுக்குச் சிலமுறை அடித்துக்கொள்வதற்கு ஏற்றவை. நம் ஊரிலோ விடியுமுன்பே குடங்கள் வரிசையில் நிற்கும், இருட்டும்வரை கைப்பிடிக்கு ஓய்வில்லை. இரும்பு உடைந்தது, மூட்டுகள் ஆடின, பாடுபட்டுத் தோண்டிய கிணறுகள் பயனின்றிக் கிடந்தன.

தீர்வின் தொடக்கம் மகாராஷ்டிரத்துப் பட்டறைகளில் இருந்தது. சோலாப்பூர்ப் பம்பு எஃகால் ஆனது. கைப்பிடி ஆட ஒரே ஓர் அச்சு, அதில் மூடிய பேரிங், தண்டை இழுக்க ஒரு சங்கிலி. அதை அடிப்படையாக வைத்து உருவானதுதான் இந்தியா மார்க் 2. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் மாதிரிகளைச் சோதித்த பிறகு, 1977-இல் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் அது நாடெங்கும் பரவி, கடல் தாண்டியும் போயிற்று.

ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை என்பதைத்தான் நம் துறையினர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். 1983-இல் அவர்கள் மறுபடி கோயம்புத்தூருக்கு வந்தார்கள். ஊரார் தினமும் அடிக்கும் பம்புகளையே ஆண்டுக்கணக்கில் கவனித்து, எது தேய்கிறது, எதை மாற்ற எவ்வளவு ஆள் வேண்டும் என்று குறித்தார்கள். மேலே உள்ள கட்டமைப்பு உறுதியாக இருந்தது. தேய்ந்தது கீழே, சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர். உள்ளங்கையில் அடங்கும் அந்த வளையத்தை மாற்ற, கிணற்றுக்குள் இறக்கிய குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வண்டி, முக்காலி, நாலைந்து ஆட்கள். வண்டி வரும்வரை ஊர்ப் பெண்கள் வேறு கிணற்றுக்கு நடக்க வேண்டும். பம்பு எத்தனை முறை பழுதாகிறது என்பதைவிட எத்தனை நாள் பழுதாய்க் கிடக்கிறது என்பதே குடம் சுமப்பவருக்குப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கவனிப்பிலிருந்து வந்தவை இரண்டு மாற்றங்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர். 32 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 65 மில்லிமீட்டர் குழாய். குழாய் அகன்றதால், அதை அசைக்காமலே பிஸ்டனைத் தண்டோடு மேலே உருவ முடிந்தது. ஊரில் உள்ள ஒரு மெக்கானிக்கே துணைக்கு ஆள் வைத்துச் செய்துவிடலாம். இதுதான் மார்க் 3. பெரிய குழாய்க்கு விலையும் எடையும் கூடுதல், மிக ஆழமான கிணற்றுக்கு அது ஒத்துவராது. அதையும் மறைக்காமல் பதிவு செய்தார்கள். இதற்கு முன்பே, 1976-இல், திருநெல்வேலி மாவட்டத்தில் ஊருக்கொரு பம்புக் காவலர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் குழு என மூன்றடுக்குப் பராமரிப்பு முறை தொடங்கியிருந்தது. காவலருக்குக் கொடுத்த பயிற்சி பொறியியலா, கல்வியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எது தேய்ந்தது என்ற கேள்வி கல்வித்துறை நண்பர்களுக்கும் உண்டு. ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையிலிருந்து கற்று, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. கற்றல் ஏணி, பாயில் வட்டமாக உட்கார்தல், சிறுவர் கைக்கெட்டும் கரும்பலகை. 2007-இல் அது மாநிலம் முழுதும் போயிற்று. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அட்டைகள் கிழிந்தபோது ஓர் ஆசிரியை என்ன செய்தார்? மேல்நிலையில் இருந்த குழந்தையும் அன்றுதான் சேர்ந்த குழந்தையும் ஒரே அறையில் இருந்தபோது எந்த அட்டையை ஒதுக்கினார்? அந்த வாஷரைத்தான் நான் தேடுகிறேன்.

சந்தை ஆய்வில் சாஷே ஷாம்பூவைச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிய எண்ணத்தை அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983 முதல் சிக் ஷாம்பூவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஷாம்பூவே பழகாத ஊர்களில் ஒரு சிறுவனுக்குத் தலைகுளிப்பாட்டிக் காட்டினார்கள். காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார்கள். கேள்வித்தாள் இல்லாத அருமையான ஆய்வு அது. ஆனால் குளித்து முடித்தபின் அந்தப் பல அடுக்கு உறை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்த சந்தை ஆய்வுக் கட்டுரை ஒன்றுகூட என் மேசைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த இதழ் முதல் ‘திரும்பிப் போனோம்’ என்ற பகுதிக்கு இடம் ஒதுக்குகிறோம். நீங்கள் முன்பு வெளியிட்ட ஆய்வின் களத்துக்கு, குறைந்தது ஓராண்டு கழித்துச் சென்று எழுதுங்கள். எது உடைந்தது, யார் சரிசெய்தார், யார் பயன்படுத்துவதை நிறுத்தினார், ஏன் என்று எழுதுங்கள். தோல்வி என்பதால் எந்தக் கட்டுரையும் திருப்பி அனுப்பப்படாது. பழுது பார்த்தவர் ஒப்புக்கொண்டால், அவரையும் இணை ஆசிரியராகச் சேருங்கள்.