குட்டிக்கும் பூனைக்கும் இடையில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்பவற்றுள் பூனைக்குட்டியும் ஒன்று. நாமும் ஆசையோடு கொண்டுவந்து தருகிறோம். ஆறேழு மாதங்களில் அதே பூனை அட்டைப்பெட்டியில் ஏறி, சந்தையின் பின்புறத்திலோ பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் அருகிலோ இறக்கிவிடப்படுகிறது. எல்லா வீடுகளிலும் இப்படி நடப்பதில்லை. ஆனால், நடக்கின்ற வீட்டில் பிள்ளை அதனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவேதான் இதனை ஆசிரியர்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

தொல்காப்பிய மரபியல், காட்டுப்பூனையாகிய வெருகின் இளமைப் பெயராகக் குட்டி என்பதனைக் குறிப்பிடுகிறது. பறழ் என்றாலும் தகும் என்கிறது. வளர்ந்துவிட்டால் பூனை என்கிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட விடலைப் பருவத்திற்கு நம் அன்றாடப் பேச்சில் தனிப்பெயர் இல்லை. பெயரில்லாத அந்தப் பருவத்தில்தான் பூனைகள் கைவிடப்படுகின்றன.

அந்தப் பருவத்துத் தொல்லைகளுள் சிலவற்றுக்கு நாமே முன்பு விதையிட்டிருப்போம். இரண்டு மாதக் குட்டி விரலைக் கடித்தால் சிரிக்கிறோம். ஆறாம் மாதத்தில் அதே கடி குருதி வரவழைக்கும்போது, 'முரட்டுப் பூனை' என்கிறோம். விரலை விளையாட்டுப் பொருளாக்காமல், கயிற்றில் கட்டிய துணியையோ பந்தையோ தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். எட்டு வாரம் நிறையும் முன்னர்க் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதும் தவறு. கடியின் அளவைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுந்தான் அது கற்றுக்கொள்கிறது. பூனை என்றால் பால் என்பதும் நம்மவரின் பழைய எண்ணமே. தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றிற்குப் பசும்பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. மின்கம்பியும் காலணியும் கடிபடுவது அப்போதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் இனப்பெருக்கப் பருவமும் வந்துவிடுகிறது. பெண்பூனை இரவெல்லாம் கத்தும். ஆண்பூனை சுவரில் சிறுநீர் தெளிக்கும். இரண்டுமே கதவு திறக்கும் நேரம் பார்த்துக் காத்திருக்கும். இது குணக்கேடு அன்று, உடலின் வேலை. விலங்கு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு உரிய மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இவற்றுள் பெரும்பாலானவை தணிந்துவிடும். தள்ளிப்போட்டால், கருவுற்ற ஒன்பது வாரங்களில் வீட்டில் மேலும் நான்கைந்து குட்டிகள் இருக்கும். அட்டைப்பெட்டிகள் பெருகுவது இப்படித்தான்.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு அதன் வேகத்தைச் செலவிட வழி வேண்டும். ஏறி அமர உயரமான இடம், நகம் கீறக் கட்டை, காலையும் மாலையும் பத்து நிமிட விளையாட்டு, நாள்தோறும் துப்புரவு செய்த மணல்தட்டு ஆகியவை போதும். அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்கு வலை கட்டாயம்.

"பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்றுதான் வாங்கினோம்" என்று பெற்றோர் சிலர் கூறுவர். நல்ல நோக்கந்தான். மணல்தட்டைத் துப்புரவு செய்யும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். பூனையின் வாழ்வுக்கான பொறுப்பைக் கொடுக்க முடியாது. வீட்டுப்பூனை பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஏழு வயதில் பிள்ளை கேட்ட பூனை, அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதாகும்போதும் வீட்டில் இருக்கலாம். அதற்கு அணியமாக இல்லையெனில், வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுவது நேர்மை. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் வளர்ப்பவருக்குக் கடமை விதிக்கிறது. கொடுமை இழைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால், தண்டத்திற்கு அஞ்சியா நாம் பிள்ளைகளுக்கு அன்பைக் கற்பிப்பது?

தொல்லை தந்தால் தூக்கி எறியலாம் என்பதை ஒரு பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொண்டால், நன்னெறிக் கல்விப் பாடத்தில் நாம் என்ன சொல்லியும் பயனில்லை. அந்தப் பிள்ளையும் ஒரு நாள் விடலைப் பருவத்தை அடையும் அல்லவா?

ஆசிரிய நண்பர்களே, 'என் செல்லப்பிராணி' என்று கட்டுரை எழுதச் சொன்னால் வெண்ணிற உரோமமும் பந்து விளையாட்டுமே ஏட்டை நிரப்புகின்றன. அடுத்த முறை, "ஆறாம் மாதத்தில் அது என்ன செய்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றும் எழுதச் சொல்வோம். அந்த விடைகளைப் பெற்றோரும் படிக்கட்டும்.