திருச்சிக்கு ஒரு மணி நேரமா?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். விமான அட்டவணை இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போடுகிறது. இரண்டு எண்களும் சரி. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தொலைவை இவற்றால் அளப்பது தப்புக் கணக்கு. அந்த ஒரு மணி நேரமும் முழுக்கப் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் போய் நிற்கும் வரையிலான நேரம் அது. ஓடுபாதைக்காகக் காத்துக் கிடப்பதும் அதில் அடக்கம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய ஏடிஆர் விமானம் வானத்தில் முக்கால் மணி நேரம் இருந்தாலே அதிகம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்புகிறவருக்குத் திருச்சி தெற்கே. விமானம் ஏற வேண்டுமென்றால் அவர் முதலில் வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். காலை நெரிசலில் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டுவதற்குள் ஜிஎஸ்டி சாலை ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் சீக்கிரம்தான். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவதால், அதற்கும் அரை மணி முன்னால் போய் நிற்பதே வழக்கம். திருச்சியில் இறங்கி, பெட்டி வந்து, ஆட்டோ பிடித்து ஊருக்குள் போவதையும் கூட்டினால் நாலு மணி நேரம் தாண்டிவிடுகிறது. தாம்பரம் போய், 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய நெல்லை வந்தே பாரத்தைப் பிடித்தால் அங்கிருந்து திருச்சிக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து கணக்கிட்டால் இதுவும் அதே நாலு மணி சொச்சம்தான், கட்டணம் மட்டும் பெரும்பாலும் குறைவு.

இது பயணியின் லாப நஷ்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. எழுபது பேரை ஏற்றும் ஏடிஆர் இறங்கினாலும் இருநூறு பேரின் ஏர்பஸ் இறங்கினாலும் ஓடுபாதையில் ஒரு முறை இடம் போனது போனதுதான். மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்றுதான் பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்காக ஏகனாபுரம் போன்ற ஊர்களின் வயலைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போடாமல் பேசுவது எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர், மதுரையைவிடக் கிட்டம். ஆனால் நடுவில் கடல். அங்கே சிறிய விமானம் ஓடுவதில் நியாயம் இருக்கிறது.

டெல்லியிலிருந்து வந்து சென்னையில் மாறித் திருச்சி போகிறவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அவர் ஏற்கெனவே விமான நிலையத்துக்குள் இருப்பதால் அவருக்கு விமானமே வசதி. தூத்துக்குடிக்கும் அப்படித்தான், ரயிலில் ஓர் இரவே போய்விடும். ஆகவே தடை தேவையில்லை. 2023இல் பிரான்ஸ் சில குறுகிய வழித்தடங்களில் விமானத்தை நிறுத்தியபோதுகூடக் கிலோமீட்டரைப் பார்க்கவில்லை, ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடியுமா என்றே பார்த்தது. வலுவான ஆட்சேபம் வேறு: பகலில் ஓடும் வந்தே பாரத் ஓரிரண்டுதான், கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது. உண்மை. ஆனால் அது ரயிலைக் கூட்டச் சொல்லும் காரணமே தவிர விமானத்தைக் கூட்டச் சொல்வது அல்ல. கூடவே, விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான 15.5 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பைச் சீக்கிரம் முடித்தால், பறந்தே தீர வேண்டியவர்களுக்கும் பாதி வழித் தொல்லை தீரும்.