பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

திருவொற்றியூரிலிருந்து சகோதரி ஒருவர் ஸலாம் கூறி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுத்த ஹோம் தியேட்டர் ரிசீவரில் இடப்பக்க ஒலி விட்டு விட்டு வருகிறதாம். ஒலியளவைக் கூட்டினால் திரும்புகிறது; குறைத்தால் மறைகிறது. ‘எறிந்துவிட்டு வட்டியில்லாத் தவணையில் புதிது வாங்கலாம்’ என்கிறார் மகன். ‘ஓடுகிற பொருளை எறிவது வீண்விரயம்’ என்கிறார் கணவர். யார் சொல்வது சரி என்பது சகோதரியின் வினா.

இத்தகைய கருவி வீட்டில் இருக்கலாமா என்று வேறு சில வாசகர்கள் கேட்கக்கூடும். அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். இங்கே பேச்சு குடும்பத்தின் பணத்தைப் பற்றியது.

சகோதரி எழுதிய அடையாளமே நோயைப் பாதி சொல்லிவிடுகிறது. ரிசீவரை இயக்கிய சில வினாடிகளில் உள்ளே ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். ஒலிபெருக்கிகளை இணைக்கும் ரிலே என்னும் சிறு விசை அது. அதன் உலோக முனைகளில் கறை படிந்தால் மெல்லிய மின்னோட்டம் கடக்க இயலாது. ஒலியைக் கூட்டும்போது வலுத்த மின்னோட்டம் கறையைத் துளைத்துக்கொண்டு செல்லும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழ்வோருக்கு இது வியப்பன்று. சன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக் காற்று செம்புக் கம்பியையும் பச்சை பூக்க வைக்கிறது. ஆலைப் புகையின் கந்தகமும் சேர்ந்தால் வெள்ளி முலாம் கறுத்துவிடும்.

கடைக்குத் தூக்குமுன் ஒரு சோதனை. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, இடப்பக்க, வலப்பக்க ஒலிபெருக்கிக் கம்பிகளை ரிசீவரின் பின்புறத்தில் இடம் மாற்றி மாட்டுங்கள். குறை அதே ஒலிபெருக்கியில் நீடித்தால் பழுது அதிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. பச்சை பூத்த நுனியை ஓர் அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி மாட்டினாலே காரியம் முடிந்துவிடக்கூடும். குறை மற்ற ஒலிபெருக்கிக்கு மாறினால் பழுது ரிசீவருக்குள். மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ரிலேயும் கெப்பாசிட்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும் பொது உதிரிகள், கூலிதான் பெரிது. எச்.டி.எம்.ஐ. பலகை போனால் கதை வேறு. அது அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்படுவது. ஒன்கியோ நிறுவனம் 2009 முதல் 2012 வரை தயாரித்த சில மாடல்களில் இப்பலகைகள் பழுதானபோது, அமெரிக்காவில் பழுதுநீக்கும் காலத்தை 2018 இறுதிவரை நீட்டித்தது. 2022இல் அந்நிறுவனமே திவாலாயிற்று. அப்படிப்பட்ட நிலையிலும் படத்தை நேராகத் தொலைக்காட்சிக்குக் கொடுத்து, ஒலியை மட்டும் ஆப்டிகல் கம்பி வழியாக ரிசீவருக்கு அனுப்பிச் சில ஆண்டுகள் ஓட்டலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததே, அதில் மூழ்கிய கருவிக்குச் செலவழிப்பதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். மற்றபடி, பழுதுக் கூலி புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கலாம் என்பது என் கணக்கு.

மகனின் ஆசையில் தவறில்லை. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லில்தான் எனக்குக் கலக்கம். கடனட்டையின் வழியாக வரும் இத்திட்டங்களில் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அவ்வளவு தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார். மாதக் கணக்கில் வட்டி என்ற வரியும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் அச்சாகி வருவதைப் பார்க்கலாம். பூஜ்ய வட்டி என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பாட்டுப் பெட்டிக்காக வட்டியின் வாசலில் நிற்க வேண்டுமா? ‘ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?’ என்று கடையில் கேட்கச் சொல்லுங்கள். அந்த ரொக்கம் சேரும்வரை பழையது ஓடட்டும். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்குப் பழுது பார்ப்பதில் என்ன கூச்சம்?

பின்னர் விற்பதானால் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். ஈரத் தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வணிகரை அண்ணலார் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். செம்புக்காகக் கம்பிகளை எரித்தால் அப்புகை நம் தெருவுக்குத்தான் வரும். பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகள் அவர்களுக்காகவே இருக்கின்றன.

சோதனையில் குறை எந்தப் பக்கம் நின்றது என்று சகோதரி எழுதட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மேற்கொண்டு பேசுவோம். வஸ்ஸலாம்.